ரோமின் பழைய அப்பியா சாலையை நடந்து பார்க்க: விசா முதல் திரும்பும் பேருந்து வரை

ரோமுக்குப் போகும் நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் கொலோசியம், வத்திக்கான், திரெவி நீரூற்று மூன்றையும் முடித்துக்கொண்டு அடுத்த ஊருக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். நகரத்தின் தென்கிழக்கு மூலையில் 2,300 வருடப் பழைய சாலை ஒன்று, போட்ட கற்கள் பல இடங்களில் அப்படியே கிடக்க, இன்றும் நடக்கக் கூடியதாக இருக்கிறது. அதன் இத்தாலியப் பெயர் வியா அப்பியா அந்திகா. கி.மு. 312-ல் தொடங்கிய இந்தச் சாலை 2024 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்த முடிவை எடுத்த கூட்டம் நடந்ததே நம் புது டெல்லியில்தான். வரலாறு இவ்வளவு போதும். மீதி எங்கும் கிடைக்கும்.

கிடைக்காதது போய்வரும் விவரம். கோட்டை, கோயில் என்றால் ஒரு வாசல் இருக்கும், டிக்கெட் கவுன்ட்டர் இருக்கும், அங்கே போய் நின்றால் வேலை தொடங்கிவிடும். சாலைக்கு அப்படி ஒன்றும் கிடையாது. எங்கே ஏறுவது, எங்கே விலகுவது, எந்தக் கிழமை போவது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். ஒன்று பிசகினாலும் காரும் புகையுமான ஒரு தெருவில் மதில் ஓரமாக ஒண்டி நடந்துவிட்டு, "இதுதானா அது?" என்று திரும்ப வேண்டிவரும். நான் அங்குமிங்கும் தேடி, கேட்டு, அலைந்து சேர்த்ததை வரிசையாகத் தருகிறேன்.

1. மூன்று அப்பியாக்கள் இருக்கின்றன, பிரித்துக்கொள்ளுங்கள்

மொபைல் வரைபடத்தில் 'அப்பியா' என்று தட்டினால் மூன்று சாலைகள் வரும். அப்பியா அந்திகாதான் நமக்கு வேண்டிய பழைய சாலை. அப்பியா நுவோவா அதற்கு ஏறக்குறைய இணையாக ஓடும் இன்றைய நெடுஞ்சாலை. பெட்ரோல் பங்கும் கார் ஷோரூமுமாக இருக்கும். அப்பியா பின்யாத்தெல்லி இரண்டையும் இணைக்கும் சாலை. டாக்சிக்காரரிடம் வெறுமனே 'அப்பியா' என்று சொன்னால் அவர் நெடுஞ்சாலையில் இறக்கிவிட வாய்ப்பு உண்டு. அதனால் எப்போதும் ஒரு கட்டடத்தின் பெயரைச் சொல்லுங்கள்: 'செச்சிலியா மெத்தெல்லா'. சாலையோரம் நிற்கும் பெரிய வட்டக் கல்லறை அது. இனி இந்தக் கட்டுரையில் எல்லா அளவும் அங்கிருந்துதான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சாலையில் நடக்க டிக்கெட் கிடையாது. அது பொதுச் சாலை, எந்நேரமும் திறந்தே இருக்கும். ஓரத்தில் உள்ள சில இடங்களுக்குள் போகத்தான் கட்டணம். ஒரு பயண ஏஜென்ட் என்னிடம் "சாலைக்கான நுழைவுச் சீட்டு" என்று ஒரு தொகை கேட்டார். அப்படி ஒரு சீட்டே இல்லை.

2. எந்தத் துண்டு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ரோமின் பழைய மதிலில் உள்ள சான் செபஸ்தியானோ வாசலிலிருந்து சாலை தென்கிழக்காகக் கிளம்பி, ஃப்ரத்தோக்கியே என்ற ஊர் வரை பெரும்பாலும் நேர்கோடாகப் போகிறது. இதை நான்கு துண்டாகப் பார்த்தால் தெளிவாக இருக்கும்.

முதல் துண்டு, மதில் வாசலிலிருந்து செச்சிலியா மெத்தெல்லா வரை, சுமார் 3 கி.மீ. எல்லாரும் தொடங்குவது இங்கேதான், வழிகாட்டிப் புத்தகங்களும் இப்படித்தான் வரிசைப்படுத்துகின்றன. வார நாளில் இங்கே தொடங்காதீர்கள். சாலை குறுகல், இரண்டு பக்கமும் உயர்ந்த மதில், நடைபாதை கிடையாது, கார்கள் உரசிக்கொண்டு போகும். பழைய கல்லும் இங்கே கண்ணில் படாது, மேலே இருப்பதெல்லாம் பிற்காலத்துச் சிறு கற்கள். பாதாளக் கல்லறைகள் இந்தத் துண்டில் இருப்பதால்தான் கூட்டம் இங்கே சேர்கிறது. நடந்தே ஆக வேண்டும் என்றால், தோமினே குவோ வாதிஸ் தேவாலயத்துக்கு எதிரே சாலை பிரியும் இடத்தில் சான் கல்லிஸ்தோ வளாகத்துக்குள் ஒரு தனிப்பாதை போகிறது. பாதாளக் கல்லறை உள்ள வளாகம் அது. மரங்களுக்கு நடுவே, கார் இல்லாமல் சுகமாக நடக்கலாம். வளாகம் மூடியிருக்கும் நேரத்தில் அந்தப் பாதையும் மூடியிருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

இரண்டாம் துண்டு செச்சிலியா மெத்தெல்லாவிலிருந்து, இடிபாடாகக் கிடக்கும் குவின்திலி மாளிகை வரை, 3 கி.மீ.க்குக் கொஞ்சம் கூட. இதுதான் சாலை. நேரம் குறைவு என்றால் இது ஒன்று போதும். பழைய கல் தளம், இரண்டு பக்கமும் குடை போல விரிந்த பைன் மரங்கள், இடிந்த கல்லறைகள் எல்லாம் இங்கேதான். நின்று நிதானித்துப் போனால் அரை நாள்.

மூன்றாம் துண்டு அங்கிருந்து கசால் ரொத்தோந்தோ என்ற பெரிய வட்டக் கல்லறை வரை. கூட்டம் குறைந்துவிடும். நான்காவது, அதற்கு அப்பால் ஃப்ரத்தோக்கியே வரை. வயல், புல்வெளி, சில இடங்களில் மண் தடம். தனியாகப் போகிறவர்களும் குழந்தைகளோடு போகிறவர்களும் இதை விட்டுவிடலாம். நடுவில் ரோமின் வட்டச் சாலை குறுக்கிடுகிறதே என்று பயப்பட வேண்டாம். 2000-ல் அதைச் சுரங்கமாக்கி அப்பியாவுக்கு அடியில் கொண்டுபோய்விட்டார்கள். தலைக்கு மேலே மட்டும் சம்பினோ விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்கள் அடிக்கடி போகும்.

முதல் தடவை போகிறவருக்கு என் சிபாரிசு: செச்சிலியா மெத்தெல்லாவில் ஏறி, குவின்திலியில் விலகுங்கள். கீழே உள்ள படிகள் அந்தத் திட்டத்துக்காகவே எழுதியவை.

3. விசா: சில மாதம் முன்பே தொடங்குங்கள்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் (ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவானது) குறுகிய கால விசா வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கும் அதேதான். பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள் முன்பு. முடிவு வர வழக்கமாக 15 நாள், சில விண்ணப்பங்களுக்கு 45 நாள் வரை இழுக்கும். கோடை விடுமுறை நெருங்கும்போது அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே குதிரைக்கொம்பு. ஆகவே மே மாதப் பயணத்துக்குப் பொங்கல் முடிந்த கையோடு காகிதங்களைச் சேர்க்கத் தொடங்கினால் நிம்மதி.

பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே கட்டணமில்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் எதுவும் திரும்பாது.

ஐரோப்பாவில் பல நாடுகளுக்குப் போகிறீர்களா? அதிக நாள் தங்கும் நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டுக்கு. 'இத்தாலி சீக்கிரம் தருமாம்' என்று யாரோ சொன்னதை நம்பி, பாரிஸில் ஒரு வாரமும் ரோமில் இரண்டு நாளும் தங்கும் திட்டத்தோடு இத்தாலியில் விண்ணப்பித்தால் கேள்வி வரும்.

வேண்டிய காகிதங்கள்:

- பாஸ்போர்ட்: கடந்த 10 வருடத்துக்குள் வழங்கியது, திரும்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கமாவது இருக்க வேண்டும்
- விண்ணப்பப் படிவம், ஷெங்கன் அளவுப் புகைப்படங்கள்
- குறைந்தது 30,000 யூரோ காப்புள்ள பயண மருத்துவக் காப்பீடு, ஷெங்கன் பகுதி முழுவதற்கும், தங்கும் எல்லா நாளுக்கும்
- போக வர விமான முன்பதிவு, ஒவ்வொரு இரவுக்கும் தங்குமிட முன்பதிவு
- வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு, வேலை பார்ப்பவர் என்றால் சம்பளச் சீட்டும் விடுப்புக் கடிதமும்
- எதற்காகப் போகிறோம், எந்த நாள் எங்கே இருப்போம் என்று சொல்லும் கடிதம்

பட்டியல் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் வாரத்தில் மையத்தின் தளத்தில் உள்ள பட்டியலை அச்செடுத்து ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள்.

இதில் நம்மவர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது: பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பலருடைய பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும். வங்கிக் கணக்கில் இனிஷியல், வேலைக் கடிதத்தில் பெயர் முன்பின், விமான டிக்கெட்டில் ஒரே பெயர் இரண்டு தடவை. பார்க்கிறவருக்கு மூன்று ஆட்கள் போலத் தெரியும். விமான நிறுவனத்திடம் ஒற்றைப் பெயரை எப்படிப் போடுவது என்று கேட்டு, அவர்கள் சொல்கிறபடி டிக்கெட் போடுங்கள். காப்பீடும் தங்குமிடமும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். வங்கியிலும் அலுவலகத்திலும் பெயர் வேறு மாதிரி இருந்தால், எல்லாம் ஒருவரே என்று விளக்கக் கடிதத்தில் இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் கணக்கில் திடீரென்று பெரிய தொகை போடுவதும் சந்தேகத்தைத்தான் கூட்டும். எங்கிருந்து வந்தது என்று காகிதம் இருந்தால் சரி, இல்லாவிட்டால் போடாதீர்கள். ரத்து செய்ய முடியாத டிக்கெட்டை விசா கைக்கு வரும் முன் வாங்காதீர்கள். பாஸ்போர்ட்டும் அவர்களிடமே இருக்கும், அந்த இடைவெளியில் வேறு வெளிநாட்டுப் பயணம் வைத்துக்கொள்ள முடியாது.

விரல் ரேகை கொடுத்து 59 மாதம் ஆகவில்லை என்றால் பழையதையே எடுத்துக்கொள்ள முடியும், படிவத்தில் குறிப்பிடுங்கள். ஆனாலும் 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லையில் புதிய பதிவு முறை வந்திருப்பதால், விமான நிலையத்தில் முகப் படமும் ரேகையும் எடுப்பார்கள். இறங்கிய அன்றே அப்பியா என்று திட்டம் போட வேண்டாம்.

4. வங்கிக் கார்டைத் திறந்துவையுங்கள்

சின்ன வேலைதான், ஆனால் அங்கே போய்ச் செய்வது கஷ்டம். இந்திய வங்கிகள் கொடுக்கும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும், தொட்டுக் கட்டும் வசதியும் நாமே இயக்கினால்தான் வேலை செய்யும். வங்கிச் செயலியில் இரண்டையும் இங்கேயே இயக்கி, வரம்பும் போட்டுவிடுங்கள். ஓ.டி.பி. வரும் இந்திய எண்ணுக்கு ரோமிங் இருக்கட்டும். கொஞ்சம் சில்லறை யூரோவும் கையில் வேண்டும். சாலையோரச் சின்னக் கடைகளுக்கு அதுதான் சௌகரியம்.

5. கிழமையைத் தேர்ந்தெடுங்கள்

முழுத் திட்டமும் இதில்தான் நிற்கிறது.

திங்கள் வேண்டாம். செச்சிலியா மெத்தெல்லா, குவின்திலி, சாலையோரப் பழைய இடிபாடான மக்சென்தியஸ் வளாகம் மூன்றும் அன்று மூடியிருக்கும். சாலையில் நடக்கலாம், ஆனால் குவின்திலி வழியாக வெளியேறும் நம் திட்டம் விழுந்துவிடும்.

ஞாயிறு நல்ல நாள். அன்று சாலையின் ரோமுக்கு அருகான பகுதியில் கார்களை விடமாட்டார்கள், முதல் துண்டைக்கூட நிம்மதியாக நடக்கலாம். ரோம் குடும்பங்கள் சைக்கிளும் நாயுமாக வந்துவிடுவதால் கூட்டம் இருக்கும். பேருந்து இடைவெளியும் நீளும், வழியும் மாறக் கூடும், முன்தினமே பார்த்துவிடுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் அரசு நடத்தும் இடங்களுக்கு எல்லாருக்கும் இலவசம். ஆனால் பாதாளக் கல்லறைகள் அரசுடையவை அல்ல, வத்திக்கானின் பொறுப்பில் உள்ளவை. அந்தச் சலுகை அங்கே செல்லாது, நகரச் சலுகைச் சீட்டுகளும் செல்லாது.

பாதாளக் கல்லறையும் பார்க்க வேண்டும் என்றால் கணக்கு இன்னும் சிக்கல். சான் கல்லிஸ்தோவுக்குப் புதன் விடுமுறை, சான் செபஸ்தியானோவுக்கு ஞாயிறு, தோமித்தில்லாவுக்குச் செவ்வாய். சான் கல்லிஸ்தோவிலும் தோமித்தில்லாவிலும் மதியம் சுமார் 12 முதல் 2 வரை இடைவேளை. குளிர்காலத்தில் ஒவ்வொன்றும் சில வாரம் மூடிவிடும். உள்ளே வழிகாட்டியோடு மட்டும்தான் போகலாம், படம் எடுக்கக் கூடாது, தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். வெயில் காலத்திலும் உள்ளே குளிரும். மூன்றில் ஒன்றைப் பார்த்தால் போதும் என்பது என் கட்சி.

எல்லாம் கூட்டிக் கழித்தால் வியாழன், வெள்ளி, சனி வசதி. அதிலும் வெள்ளிக்கு ஒரு எச்சரிக்கை: இத்தாலியில் போக்குவரத்து வேலைநிறுத்தங்கள் வெள்ளிக்கிழமைகளில் வருவது சகஜம். முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் செய்வார்கள். அன்று ரோமில் காலை 8:30 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் வண்டிகள் ஓடும், நடுவில் உத்தரவாதமில்லை.

மாதம் என்றால் ஏப்ரல், மே, செப்டம்பர் பிற்பகுதி, அக்டோபர். ஜூலை, ஆகஸ்ட் வெயிலை 'நமக்கு என்ன வெயில் புதிதா' என்று நினைக்காதீர்கள். பைன் மர நிழல் தொடர்ச்சியாக இல்லை, கருங்கல் தளம் சூட்டை வாங்கி நம் மேலேயே விடும். டிசம்பரில் மாலை 5 மணிக்கு முன்பே இருட்டிவிடும், சாலையில் விளக்கு கிடையாது. மழை பெய்த மறுநாளும் யோசித்துப் போங்கள், கல் வழுக்கும்.

6. போய்ச் சேருவது

தெர்மினி நிலையத்திலிருந்து மெட்ரோ ஏ வழித்தடம், அனாஞ்ஞினா பக்கம் போகும் ரயில். கொல்லி அல்பானியில் இறங்குங்கள். வெளியே 660 எண் பேருந்து. அதன் கடைசி நிறுத்தம் செச்சிலியா மெத்தெல்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இதுதான் நான் சொல்லும் வழி, ஏனென்றால் முதல் துண்டை முழுக்கத் தாண்டிவிடுகிறது.

இன்னொன்று 118 எண் பேருந்து. நகர மையத்திலிருந்து சிர்க்கோ மாஸிமோ, கராகல்லா குளியல் மண்டபம் வழியாக வரும். பாதாளக் கல்லறைக்குப் போகிறவர்களுக்கு இது வசதி. சான் செபஸ்தியானோ தேவாலயத்தில் (அதே பெயருள்ள மதில் வாசலில் அல்ல) இறங்கி, மக்சென்தியஸ் வளாகம் வழியாக ஒரு கிலோமீட்டருக்குள் நடந்தால் செச்சிலியா மெத்தெல்லா. இரண்டு பேருந்துமே அடிக்கடி வருபவை அல்ல. அட்டவணையில் போட்ட நேரத்தைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைச் சீட்டு 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். அதற்குள் ஒரு மெட்ரோ பயணம், அதோடு பேருந்துகள் மாறிக்கொள்ளலாம், அதாவது தெர்மினியிலிருந்து கல்லறை வரை ஒரே சீட்டு. மெட்ரோ நிலைய இயந்திரத்திலும், 'டி' எழுத்துப் பலகை வைத்த புகையிலைக் கடைகளிலும் கிடைக்கும். ஓட்டுநர் சீட்டு தரமாட்டார். காகிதச் சீட்டைப் பேருந்துக்குள் உள்ள சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டு இருந்தும் இல்லாத மாதிரிதான், பரிசோதகர் பிடித்தால் அபராதம் 50 யூரோவுக்கு மேல். திரும்பி வரவும் சீட்டை இப்போதே வாங்கிப் பையில் வையுங்கள், வழியில் கடை இல்லை. கார்டைத் தொட்டும் ஏறலாம், ஆனால் ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும், ஒரே கார்டால் குடும்பத்துக்கே தொட முடியாது.

காலை 9 மணிக்கு அங்கே இருப்பது போலக் கிளம்புங்கள்.

7. கையில் என்ன

பாஸ்போர்ட் அசல் வேண்டும். அடையாளம் கேட்டால் காட்ட வேண்டியது அதுதான், அங்கே ஆதாருக்கு வேலை இல்லை. 18 வயதுக்குக் கீழே எந்த நாட்டவராக இருந்தாலும் அரசு இடங்களில் நுழைவு இலவசம். வயதைக் காட்டவும் பாஸ்போர்ட் உதவும். 18 முதல் 25 வரையான சலுகை ஐரோப்பிய ஒன்றியத்தவருக்கு மட்டும், கல்லூரி அடையாள அட்டையை நீட்டிப் பயனில்லை.

செருப்பு வேண்டாம், கெட்டியான அடிப்பாகம் உள்ள ஷூ. சாலைக் கற்கள் எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கற்கள், ஒவ்வொன்றும் கவிழ்த்துப் போட்ட ஆட்டுக்கல் மாதிரி மேடும் வழவழப்புமாக இருக்கும். இரண்டு கல்லுக்கு நடுவே கால் மடங்குவது எளிது. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளவே முடியாது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை செச்சிலியா மெத்தெல்லா, அதைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் உள்ள காப்போ தி போவே தோட்டம் வரை கூட்டிப்போய்த் திருப்பி அழைத்து வந்துவிடுங்கள். அதற்கு அப்புறம் அவர்களுக்குத் தண்டனை.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர். நகருக்குள் மூலைக்கு மூலை குடிநீர்க் குழாய் இருக்கும், ஆனால் இந்த வழியில் அந்தத் தைரியத்தில் போக முடியாது. சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு போங்கள். செச்சிலியா மெத்தெல்லா பக்கம் சில உணவகங்கள் உண்டு, அதற்குப் பிறகு எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சைவக்காரர்கள் முந்தின நாளே தெர்மினிக்குப் பக்கத்தில் உள்ள எஸ்குவிலினோ பகுதியில் இந்திய, வங்கதேசக் கடைகளில் வேண்டியதை வாங்கிவிடலாம். கழிப்பறை இருப்பது டிக்கெட் எடுத்துப் போகும் இடங்களுக்குள்தான், அதனால் முதல் இடத்திலேயே போய்விட்டுக் கிளம்புங்கள்.

8. நடை

செச்சிலியா மெத்தெல்லாவில் டிக்கெட் எடுங்கள். எடுக்கும்போதே இரண்டு விஷயம் கேளுங்கள். குவின்திலியையும் சேர்த்த சீட்டு இருக்கிறதா? குவின்திலி மாளிகையின் அப்பியா அந்திகா பக்க வாசல், அப்பியா நுவோவா பக்க வாசல் இரண்டும் இன்று திறந்திருக்கின்றனவா? இரண்டாவது கேள்விக்கு 'ஆம்' வந்தால்தான் மேலே சொன்ன திட்டம் நடக்கும். ஒரு இடத்துக்குக் கட்டணம் 10 யூரோவை ஒட்டி இருக்கும், சேர்த்த சீட்டு லாபம். கொலோசியம் டிக்கெட் இங்கே செல்லாது.

உள்ளே வட்டக் கல்லறை, அதோடு ஒட்டி இடைக்காலத்தில் கட்டிய கோட்டை. கீழ் அறைகளுக்கு இறங்கிப் பாருங்கள்: மலைப்பக்கமிருந்து வழிந்து வந்து இந்த இடத்தில் நின்றுபோன எரிமலைக் குழம்பின் பாறை அங்கே வெட்டித் தெரிகிறது. சாலைக்குப் போட்ட கல் எந்த மாதிரிப் பாறை என்று இங்கே பார்த்துவிட்டு வெளியே போனால் காலடியில் கிடப்பது புரியும். பலர் மேலே சுற்றிவிட்டு இதைப் பார்க்காமலே போகிறார்கள்.

சற்றுத் தூரத்தில் வலது பக்கம் காப்போ தி போவே. நுழைவு இலவசம். தோட்டத்துக்குள் ஒரு பழைய குளியல் கூடத்தின் தரை. உட்கார்ந்து மூச்சு வாங்க இதைவிட நல்ல இடம் இந்த வழியில் இல்லை.

அதற்கு அப்புறம்தான் பழைய தளம் தொடங்குகிறது. ஒரே ஓட்டமாக இருக்காது: கொஞ்ச தூரம் பெரிய பழைய கற்கள், கொஞ்ச தூரம் சின்னச் சதுரக் கற்கள், மறுபடி பழையது. பெரிய, ஒழுங்கற்ற பலகோணக் கல்லாக இருந்தால் அது ரோமானியர் காலத்தது. வண்டிச் சக்கரம் தேய்த்த தடம் சில கற்களில் விரல் ஆழத்துக்கு இருக்கும், குனிந்து பாருங்கள். வண்டித்தளத்தின் அகலம் சுமார் 4 மீட்டர், இரண்டு வண்டிகள் எதிரெதிரே ஒதுங்கிப் போகிற அளவு. இரண்டு பக்கமும் நடைபாதைக்கு விட்ட மண் கரை இன்றும் தெரியும். நாமும் பாதித் தூரம் அதில்தான் நடப்போம், கால் அதற்கு நன்றி சொல்லும்.

ஓரத்துக் கல்லறைகளில் முகங்கள் செதுக்கிய பலகைகள் சில நகல்கள்தான், அசல்களை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதில் ஏமாற்றப்பட ஒன்றுமில்லை. சாலை மட்டும் நகல் இல்லை, அதைத் தூக்கிப்போக முடியவில்லை!

இரும்புக் கதவு போட்ட வீடுகள் நிறைய வரும். பணக்காரர்கள் குடியிருக்கிறார்கள். பாழடைந்த சுவர் அழகாகத் தெரிகிறதே என்று கதவு திறந்திருக்கும் இடத்தில் நுழைந்துவிடாதீர்கள். அந்த வீட்டுக்காரர்களின் கார்கள் கல் தளத்திலும் வரும், ஞாயிறன்றும் வரலாம்.

நடுவில் முடியவில்லை என்றால் ஒரு அவசர வழி: எரோதே அத்திக்கோ, தோர் கர்போனே என்ற தெருக்கள் சாலையைக் குறுக்கே வெட்டும் சந்திப்பு வரும். அங்கே 765 எண் பேருந்து போகிறது, ஏ வழித்தடத்தின் ஆர்க்கோ தி த்ராவெர்த்தீனோ மெட்ரோவுக்குக் கொண்டுபோய் விடும்.

9. வெளியேறுவது

சாந்தா மரியா நோவா என்ற பண்ணைக் கட்டடம் வந்ததும், அதன் பக்கமாக குவின்திலி வளாகத்துக்குள் நுழையலாம். பரந்த புல்வெளியைக் கடந்து இடிபாடுகளைப் பார்த்துக்கொண்டே மறுபக்க வாசல் வழியாக அப்பியா நுவோவாவில் இறங்குங்கள். அங்கே 664 எண் பேருந்து, கொல்லி அல்பானி மெட்ரோவுக்கு. வந்த சாலையில் திரும்பி நடக்க வேண்டியதில்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் மொத்த லாபம்.

கடைசி நுழைவு மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு. மூடும் நேரம் சூரியனோடு நகரும்: குளிர்காலத்தில் மாலை நாலரை, கோடையில் ஏழு மணிக்கு மேல். அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், அந்த வாரம் போகிறவர்கள் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கதவு சாத்திய பிறகு வந்தால், திரும்ப செச்சிலியா மெத்தெல்லா வரை நடை. நெடுஞ்சாலையைக் கடக்கும்போது சிக்னல் இருக்கும் இடத்தில் மட்டும் கடந்து செல்லுங்கள்.

10. சைக்கிள் எடுப்பதா?

செச்சிலியா மெத்தெல்லாவுக்கு அருகில் வாடகைக்குக் கிடைக்கும், சாதாரண வண்டி மணிக்கு 5 யூரோ அளவில், மின் சைக்கிள் அதற்கு மேல். மூன்றாம், நான்காம் துண்டுக்குப் போக நினைத்தால் எடுங்கள். இரண்டாம் துண்டுக்கு மட்டும் என்றால் நடையே மேல், பழைய கல்லில் சைக்கிள் ஓட்டினால் எலும்பு எண்ணிவிடும். தடித்த டயர் உள்ள வண்டியாகக் கேளுங்கள், கிளம்பும் முன் பிரேக்கைப் பாருங்கள். பிணையாக அடையாள அட்டை கேட்பார்கள். பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள், ஓட்டுநர் உரிமம் அல்லது ரொக்கப் பிணை ஏற்பார்களா என்று பேசிப் பாருங்கள். சைக்கிளோடு குவின்திலி வழியாக வெளியேறும் திட்டம் நடக்காது, எடுத்த இடத்துக்கே திரும்ப வேண்டும்.

11. செலவுக் கணக்கு

1 யூரோவுக்கு 100 ரூபாய் என்று மனக்கணக்குப் போடுங்கள். அன்றைய போக்குவரத்து 3 யூரோ. நுழைவுகளுக்கு 10 முதல் 20. பாதாளக் கல்லறை சேர்த்தால் இன்னும் 10. சாப்பாட்டைக் கையில் கொண்டுபோனால் ஒருவருக்கு 3,500 ரூபாய்க்குள் நாள் முடிந்துவிடும். உள்ளே எங்கும் நுழையாமல் சாலையை மட்டும் நடந்தால் 300 ரூபாய்.

பட்ஜெட்டில் பலர் விடும் ஒன்று நகர வரி. ரோமில் தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் தலைக்கு இவ்வளவு என்று விடுதியில் தனியாக வாங்குவார்கள், முன்பதிவுத் தொகையில் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. மூன்று நட்சத்திர விடுதியில் 6 யூரோ. நான்கு பேர் குடும்பம் ஐந்து இரவு தங்கினால் எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள். ஃபியூமிச்சினோ விமான நிலையத்திலிருந்து தெர்மினிக்கு நேர் ரயில் 14 யூரோ, 32 நிமிடம்.

12. செய்யக் கூடாதவை

கல் எடுக்காதீர்கள். உடைந்த ஓட்டுச் சில்லு, பளிங்குத் துண்டு எதுவானாலும் சட்டப்படி அரசுச் சொத்து, விமான நிலையப் பரிசோதனையில் பிடித்தால் வழக்கு. ட்ரோனை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள், பக்கத்திலேயே விமான நிலையம். கல்லறைகள் மேல் ஏறிப் படம் எடுப்பதும் வேண்டாம், கல் உதிரும் நிலையில் இருக்கிறது. அவசரத்துக்கு எண் 112.

13. இன்னொரு நாள் இருந்தால்

தெர்மினியிலிருந்து வெல்லெத்ரி போகும் உள்ளூர் ரயிலில் ஏறி சாந்தா மரியா தெல்லே மோலே நிலையத்தில் இறங்கினால், அப்பியாவின் வெளி முனைக்கு வந்துவிடலாம். அங்கிருந்து ரோமை நோக்கி நடப்பது நல்ல நடைக்காரர்களுக்கு ஒரு முழு நாள். ஃப்ரத்தோக்கியேயில் உள்ள மெக்டொனால்ட்ஸ் உணவகத்துக்கு அடியிலேயே ரோமானியச் சாலைத் துண்டு ஒன்று, 45 மீட்டர் நீளத்துக்கு இருக்கிறது. கட்டடம் கட்டத் தோண்டியபோது 2014-ல் வெளிப்பட்டது, அப்பியாவிலிருந்து பிரிந்த கிளைச் சாலை. கண்ணாடித் தரை வழியாக மேலிருந்தும் தெரியும், கீழே இறங்கியும் பார்க்கலாம், எதுவும் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

தெற்கே போகிறவர்களுக்கு தெர்ராச்சினா என்ற கடலோர ஊர். சாலைக்காகக் கடலோரப் பாறையைச் செங்குத்தாக வெட்டி, வெட்டிய உயரத்தைப் பத்து அடிக்கு ஒரு தடவை ரோமன் எண்களில் 120 வரை பொறித்திருக்கிறார்கள். சாலையின் கடைசி முனையான பிரிந்திசியில் துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு தூண் நிற்கிறது. அதுவரை போக ரோமிலிருந்து ரயிலில் அரை நாளுக்கு மேல் ஆகும், ஓர் இரவு அங்கே தங்குவது போல விசா விண்ணப்பத்தின் நாள் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.